எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது: மொபைல் செயலிக்குள் சொல்லாமல் நுழையும் மாற்றங்களைப் பிடிக்கும் வழி

பால் கொள்முதல் கணக்குக்காக ஒரு சங்கத்துக்குச் சின்னதாக ஒரு ஆண்ட்ராய்டு செயலி செய்து கொடுத்திருந்தோம். காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, பட்டுவாடா என்றைக்கு. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு நாள் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து ஆப் அப்டேட் ஆச்சு. செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா, பர்மிஷன் லிஸ்ட்ல 'இருப்பிடம்'னு புதுசா ஒண்ணு இருக்கு. நான் எங்க போறேன், எங்க வர்றேன்னு நீங்க எதுக்குப் பார்க்கணும்?"

"இல்லீங்கய்யா, நாங்க அப்படி எதுவும் வைக்கலை" என்றேன்.

மனதறிந்து சொன்ன பதில்தான் அது. போனை வைத்துவிட்டு, செயலியின் கோடை, அதாவது நாங்கள் எழுதிய நிரலை, திறந்து பார்த்தேன். அனுமதிகளை எழுதும் கோப்பை ஐந்து மாதமாக யாருமே தொடவில்லை. இருப்பிடம் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. ஆனால் செயலாளர் ஐயாவின் போனில் இறங்கியிருந்த செயலியில் அந்த அனுமதி இருந்தது. நான் சொன்னதும் உண்மை, அவர் பார்த்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி என்பதையும், அவர் கண்ணில் படும் முன் நம் கண்ணில் படுவதற்கு என்ன செய்யலாம் என்பதையும்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். செயலி எழுதப் பழகத் தொடங்கியிருப்பவர்களுக்கானது இது. கோடு எழுதத் தெரிந்தால் போதும், கோடைச் செயலியாக மாற்றும் 'பில்ட்' வேலையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

எழுதியது வேறு, வெளிவருவது வேறு

ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றிலும் 'மேனிஃபெஸ்ட்' என்று ஒரு கோப்பு உண்டு. செயலியில் எந்தெந்தத் திரைகள், பின்னணியில் என்னென்ன ஓடும், போனிடம் என்னென்ன அனுமதி கேட்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நாம் எழுதும் இந்தக் கோப்பு அப்படியே செயலிக்குள் போகிறது என்றுதான் பழகத் தொடங்கும் எல்லோரும் நினைப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்படியே போவதில்லை. பிறர் எழுதி வைத்த கோடை லைப்ரரி என்ற பெயரில் சேர்த்துக்கொள்கிறோம். அந்த லைப்ரரிகள் தங்களுக்கென்று ஆளுக்கொரு மேனிஃபெஸ்ட்டோடு வருகின்றன. ஒரு லைப்ரரி தனக்குத் தேவையான இன்னும் நாலு லைப்ரரிகளைக் கூட்டிவரும். அவையும் தங்கள் மேனிஃபெஸ்ட்டோடு வரும். பில்ட் ஓடும்போது 'மேனிஃபெஸ்ட் மெர்ஜர்' என்ற பகுதி இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே கோப்பாகச் செய்கிறது. போனுக்குப் போவது அந்தக் கடைசிக் கோப்புதான். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கோப்புகள் இரண்டு விதமாகச் சொன்னால் முன்னுரிமை பார்க்கப்படும்: அந்தப் பில்ட் வகைக்கென்று எழுதிய மேனிஃபெஸ்ட் முதலில், செயலியின் முதன்மை மேனிஃபெஸ்ட் அடுத்து, லைப்ரரிகள் கடைசியில். ஆனால் முரண் என்று ஒன்று இருந்தால்தான் இந்த முன்னுரிமைக்கே வேலை. முரண் இல்லையென்றால் எல்லாம் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். இருப்பிடம் வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை, சும்மா இருந்தேன். நாம் சும்மா இருப்பதை மெர்ஜர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது.

எங்கள் செயலியில் நடந்தது இதுதான். அறிவிப்பு அனுப்புவதற்கு ஒரு லைப்ரரி வைத்திருந்தோம். அதில் ஒரு கோளாறு சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று எங்கள் அணியில் ஒரு தம்பி பதிப்பு எண்ணை ஒரு படி ஏற்றினார். மாறியது ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தவன் நான். புதிய பதிப்பில், பயனர் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் அறிவிப்பு காட்டும் வசதியையும் சேர்த்திருந்தார்கள். அதற்காக லைப்ரரியின் மேனிஃபெஸ்ட்டில் இருப்பிட அனுமதி ஏறியிருந்தது. அந்த வசதியை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. ஆனாலும் அனுமதி வந்து உட்கார்ந்துவிட்டது.

சோதித்துப் பார்க்கும்போது ஏன் தெரியவில்லை? ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல், இருப்பிடம், காமிரா போன்ற அனுமதிகளைச் செயலி ஓடும்போது கேட்க வேண்டும். நம் கோடு அதைக் கேட்கவே இல்லையென்றால் திரையில் எந்தக் கேள்வியும் வராது. செயலி பழையபடியே ஓடும். போனின் செட்டிங்ஸில் 'அனுமதிக்கப்படாதவை' என்ற தலைப்பின் கீழ் மட்டும் அது அமைதியாக இருக்கும். அங்கே போய்ப் பார்க்கும் ஒருவர் கேள்வி கேட்டால்தான் நமக்கே தெரியவரும்.

சத்தம் போடுவதும் போடாததும்

அனுமதி, பதிப்பு எண் போன்ற அமைப்புகளைக் 'கான்ஃபிக்' என்பார்கள். கான்ஃபிக் மாற்றங்கள் எல்லாமே இப்படி ஒளிந்து வருவதில்லை. சில தாமாகவே கூச்சல் போடும். நம் செயலி ஆண்ட்ராய்டு 7 முதல் ஓடும் என்று வைத்திருக்கிறோம், ஆண்ட்ராய்டு 8 இருந்தால்தான் ஓடுவேன் என்று சொல்லும் லைப்ரரியைச் சேர்க்கிறோம் என்றால் மெர்ஜர் அங்கேயே நின்று பிழை காட்டும். அதே மாதிரி, ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேலான பதிப்பைக் குறிவைக்கும் செயலியில், வெளியிலிருந்து அழைக்கக்கூடிய ஒரு திரைக்கு, மற்ற செயலிகள் அதைத் திறக்கலாமா கூடாதா என்று சொல்லும் 'எக்ஸ்போர்ட்டட்' மதிப்பைக் குறிப்பிடாமல் விட்டால் வேலை அங்கேயே நிற்கும். இவை தொல்லையாகத் தெரியும். ஆனால் நல்ல தொல்லை. அன்றைக்கே தெரிந்து அன்றைக்கே சரிசெய்கிறோம்.

சத்தம் போடாதவற்றைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாக நுழையும் அனுமதி அதில் ஒன்று. விளம்பர அடையாள எண்ணைப் படிக்கும் அனுமதி இன்னொன்று. விளம்பரம், பயன்பாட்டுக் கணக்கு போன்ற வேலைக்காக வரும் பல லைப்ரரிகள் இதைத் தாமாகவே மேனிஃபெஸ்ட்டில் சேர்த்துவிடுகின்றன. குழந்தைகளுக்காக மட்டுமே செய்யப்படும் செயலிக்கு இந்த அனுமதி இருக்கக் கூடாது என்பது கூகுள் பிளேயின் விதி. அப்படிப்பட்ட செயலியில் ஒரு லைப்ரரியைப் புதுப்பிப்பதால் விதி மீறல் ஆகிவிடலாம். எழுதியவர் ஒரு வரிகூடத் தவறாக எழுதியிருக்க மாட்டார்.

அதிகம் பேசப்படாத இடம் ஒன்றும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கோடைச் சுருக்கி, உள்ளே இருக்கும் பெயர்களைப் புரியாதபடி கலைத்துத் தரும் 'ஆர்8' என்ற கருவிக்கும் விதிகள் உண்டு. லைப்ரரிகள் தங்கள் விதிகளையும் கூடவே கொண்டுவரலாம். ஒரு லைப்ரரி, 'பெயர்களைக் கலைக்காதே' என்ற விதியைத் தெரியாத்தனமாக உள்ளே வைத்துவிட்டால் அது அந்த லைப்ரரியோடு நிற்காது. பழைய பில்ட் கருவிகளில் (ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன் 9க்கு முன்) மொத்தச் செயலிக்கும் பொருந்தும். செயலி வழக்கம்போல ஓடும். அளவு மட்டும் பெருத்திருக்கும், உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் படிக்கிற மாதிரி வெளியே போயிருக்கும். நல்லவேளையாக, கடைசியில் எந்தெந்த விதிகள் சேர்ந்தன என்பதை ஆர்8 ஒரே கோப்பாக எழுதி வைக்கிறது. ரிலீஸ் பில்ட் முடிந்ததும் அவுட்புட்ஸ் அடைவுக்குள் மேப்பிங் என்ற இடத்தில் 'கான்ஃபிகரேஷன்' என்ற பெயரில் அது கிடைக்கும். இப்படி ஒரு கோப்பு இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

மண்டபத்துப் பாத்திரச் சீட்டு

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் முன்னால் நின்று எண்ணி வாங்குவோம்: அண்டா 4, குண்டான் 6, கரண்டி 20, டம்ளர் 300. ஒரு சீட்டில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சீட்டைப் பார்த்து மறுபடி எண்ணுவார்கள். கூடினாலும் குறைந்தாலும் அங்கேயே நின்று பேசித் தீர்க்க வேண்டும். ஞாபகத்தை நம்பி யாரும் வண்டி ஏற்றுவதில்லை.

கான்ஃபிக் மாற்றங்களைப் பிடிக்கும் முறையும் அச்சு அசலாக இதேதான். தொழிலில் இதை 'பேஸ்லைன்' என்பார்கள், சில இடங்களில் 'ஸ்னாப்ஷாட்' என்பார்கள். நான் இங்கே சீட்டு என்றே சொல்கிறேன். முதலில் இப்போது வெளியே போயிருக்கும் செயலியைப் பிரித்து, அதற்குள் உண்மையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதுகிறோம். அந்தச் சீட்டைக் கோடோடு சேர்த்து, கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் 'கிட்' கருவியில் வைக்கிறோம். அப்புறம் ஒவ்வொரு பில்டிலும் புதிய செயலியை மறுபடி பிரித்து, புதுச் சீட்டு ஒன்று எடுத்து, பழையதோடு ஒப்பிடுகிறோம். ஒரு எழுத்து மாறினாலும் பில்ட் நிற்க வேண்டும்.

இதில் எல்லாமே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. எண்ண வேண்டியது நாம் எழுதிய மேனிஃபெஸ்ட்டை இல்லை. பில்ட் முடிந்து கையில் கிடைக்கும், போனில் நிறுவப்படும் ஏபிகே கோப்பை. நாம் எழுதிய கோப்பில் வரும் மாற்றத்தைக் கிட் ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் நுழைவது எல்லாம் அந்தக் கோப்புக்கும் ஏபிகேவுக்கும் நடுவில் நுழைகிறது.

பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற கருவித் தொகுப்போடு வரும் பில்ட்டூல்ஸ் அடைவில் 'ஏஏபிடி2' என்ற நிரல் இருக்கிறது. அதனிடம் ஏபிகேவைக் கொடுத்து 'டம்ப் பேட்ஜிங்' என்று கேட்டால், பதிப்பு எண், எந்த ஆண்ட்ராய்டு முதல் ஓடும், எதைக் குறிவைக்கிறது, என்னென்ன அனுமதி, என்னென்ன வன்பொருள் தேவை என்று வரிவரியாகக் கொட்டும். பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் போன்றவையும் முழுதாக வேண்டுமென்றால் 'ஏபிகே அனலைசர்' என்ற கருவி கடைசி மேனிஃபெஸ்ட்டை அப்படியே அச்சிட்டுத் தரும். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளை ஏஏபி வடிவில்தான் ஏற்ற வேண்டும். அதைப் பிரிக்கக் கூகுளின் 'பண்டில்டூல்' இருக்கிறது.

எங்கள் சீட்டில் அனுமதிப் பகுதி இப்படித்தான் இருந்தது. தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

அனுமதி: இன்டர்நெட்
அனுமதி: நெட்வொர்க் நிலை
அனுமதி: அறிவிப்பு காட்டுதல்
அனுமதி: போன் எழுந்ததும் தொடங்குதல்

இந்தச் சீட்டு அன்றைக்கே இருந்திருந்தால், அந்தத் தம்பி பதிப்பு எண்ணை ஏற்றிய அன்று பில்ட் நின்று இதைக் காட்டியிருக்கும்:

+ அனுமதி: துல்லியமான இருப்பிடம்
+ அனுமதி: தோராயமான இருப்பிடம்

இரண்டே வரி. செயலாளர் ஐயா கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒப்பிடும் வேலையை 'டிஃப்' கட்டளையே செய்துவிடும். இரண்டு கோப்பும் ஒன்றாக இருந்தால் அது 0 என்ற எண்ணோடு முடியும், வித்தியாசம் இருந்தால் 1 என்ற எண்ணோடு முடியும். பில்டை ஓட்டும் சிஐ இயந்திரம் 0 அல்லாத எதையும் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த ஏற்பாடு முழுவதும் பத்துப் பன்னிரண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான். விலை கொடுத்து வாங்கவோ புதிதாகப் படிக்கவோ எதுவும் இல்லை.

யார் கொண்டுவந்தார் என்று கேட்பது

சீட்டு, மாறியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். யாரால் மாறியது என்று தெரிய வேண்டுமே. அதற்கு மெர்ஜரே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. பில்ட் அடைவுக்குள் அவுட்புட்ஸ், அதற்குள் லாக்ஸ். அங்கே 'மேனிஃபெஸ்ட் மெர்ஜர் ரிப்போர்ட்' என்று ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். கடைசி மேனிஃபெஸ்ட்டின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கும். அன்றைக்கு நான் அதைத் திறந்து 'லொகேஷன்' என்று தேடினேன். லைப்ரரியின் பெயரும் பதிப்பும் அடுத்த வரியிலேயே இருந்தது. அரை நாள் தேட வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்த வேலை அது.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் இன்னும் சுலபம். மேனிஃபெஸ்ட்டைத் திறந்தால் கீழே 'மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட்' என்று ஒரு தாவல் இருக்கும். சொடுக்கினால் கடைசி வடிவமும், பக்கத்தில் எது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஒரு செயலியை நீங்கள் புதிதாகக் கையில் எடுத்தால் முதல் நாளே இந்தத் தாவலைத் திறந்து முழுதாகப் படித்துவிடுங்கள். ஏன் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத வரி ஒன்றாவது அநேகமாக இருக்கும்.

தேவையில்லாத அனுமதியை நீக்கவும் வழி இருக்கிறது. நம் மேனிஃபெஸ்ட்டில் அதே அனுமதியை எழுதி, 'இதை நீக்கு' என்ற குறிப்பைச் சேர்த்தால் மெர்ஜர் அதைக் கடைசிக் கோப்பிலிருந்து எடுத்துவிடும். ஆனால் லைப்ரரி உண்மையிலேயே அந்த அனுமதியை நம்பி ஏதாவது செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பார்க்காமல் எடுத்தால் அந்த இடத்துக்கு வரும்போது செயலி விழுந்துவிடும். எங்களுக்கு அந்த வசதியே தேவைப்படவில்லை என்பதால் நீக்கினோம், சோதித்தோம், மறுநாளே புதிய பதிப்பை ஏற்றினோம். செயலாளர் ஐயாவுக்கு நானே கூப்பிட்டு, எப்படி நுழைந்தது, எப்படி எடுத்தோம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

நேற்றும் இன்றும் ஒரே கோடு, வேறு வேறு செயலி

யாரும் எதையும் மாற்றாமலே செயலி மாறுவதும் உண்டு. நம்பக் கஷ்டமாக இருக்கும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆண்ட்ராய்டில் லைப்ரரிகளைக் கொண்டுவருவது 'கிரேடில்'. பதிப்பு எண்ணை முழுதாக எழுதாமல் '2.+' என்று எழுதினால், 2இல் தொடங்குபவற்றில் ஆகப் புதியது எதுவோ அதை எடுத்துக்கொள் என்று அர்த்தம். கிரேடில் ஒரு முறை பார்த்த பதிலை, நாமாக மாற்றாத வரை, 24 மணி நேரம் ஞாபகம் வைத்திருக்கும். பிறகு மறுபடி போய்க் கேட்கும். வெள்ளிக்கிழமை பில்ட் செய்தபோது 2.3 வந்தது, சனிக்கிழமை லைப்ரரிக்காரர் 2.4 வெளியிட்டார், திங்கள்கிழமை அதே கோடு 2.4ஓடு பில்ட் ஆகும். கிட்டில் தேடினால் ஒரு கமிட்கூட, அதாவது பதிவான ஒரு மாற்றம்கூட, இருக்காது. உங்கள் மடிக்கணினியில் வராத கோளாறு சிஐயில் மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டல் குறி இல்லாமல் எழுதினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. நாம் கேட்டது ஒரு லைப்ரரியின் 1.5, நாம் சேர்த்த இன்னொன்று அதே லைப்ரரியின் 1.8ஐக் கேட்கிறது என்றால், கிரேடில் வழக்கமாக இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுக்கும். நம் கோப்பில் 1.5 என்றே இருக்கும், உள்ளே ஓடுவது 1.8.

இதற்கும் சீட்டுதான் மருந்து. கிரேடிலிலேயே பதிப்புகளைப் பூட்டி வைக்கும் 'லாக்' வசதி இருக்கிறது. அதை இயக்கினால், கடைசியில் தேர்வான ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பையும் ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். அடுத்த பில்டில் வேறு பதிப்பு வந்தால் நின்றுவிடும். இந்த ஒப்பிடும் வேலைக்கென்றே டிராப்பாக்ஸ் நிறுவனம் 'டிபென்டென்சி கார்ட்' என்ற கிரேடில் பிளக்இன் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஃப்ளட்டரில் 'பப்ஸ்பெக் லாக்', ஐஓஎஸ் பக்கம் கோகோபாட்ஸில் 'பாட்ஃபைல் லாக்', ஸ்விஃப்ட் பேக்கேஜ்களுக்கு 'பேக்கேஜ் ரிசால்வ்ட்' என்று எல்லா ஊரிலும் இந்தச் சீட்டு உண்டு. தானாக உருவாகும் கோப்புதானே என்று இவற்றைக் கிட்டில் சேர்க்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செயலி என்றால் அந்தக் கோப்பு கிட்டில் இருந்தே ஆக வேண்டும்.

ஐபோன் பக்கம்

ஐஓஎஸ்ஸில் லைப்ரரிகள், மேனிஃபெஸ்ட் போல அங்கே இருக்கும் நம் 'இன்ஃபோ பிலிஸ்ட்' கோப்புக்குள் தாமாகக் கைவைப்பதில்லை. அந்த விதத்தில் நிம்மதி. அங்கே மாற்றம் நுழையும் வாசல் வேறு. ஐபோன் செயலிகளை எழுதிப் பில்ட் செய்ய ஆப்பிள் தரும் கருவியான எக்ஸ்கோட், தன் பில்ட் அமைப்புகளை வைத்திருக்கும் ப்ராஜெக்ட் கோப்பு மனிதர் படிக்கிற மாதிரி இருக்காது. அதில் நாற்பது வரி மாறியிருந்தால் ரிவியூ செய்பவர் சும்மா உருட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு கோளாறைத் தேடும்போது தற்காலிகமாக மாற்றிய ஒரு அமைப்பு அந்தக் கூட்டத்தில் சேர்ந்து போய்விடும். அடிக்கடி நடப்பது: வீட்டிலிருக்கும் சோதனை சர்வரில் பாதுகாப்பான இணைப்பு இல்லை என்பதற்காக, எந்த முகவரிக்கும் சாதாரண இணைப்பில் போகலாம் என்று ஒரு நாள் திறந்துவிட்டு மூட மறப்பது. 2015இல் ஐஓஎஸ் 9 கொண்டுவந்த காவலை ஒரே வரியில் கழற்றி வைப்பது அது.

பிடிக்கும் வழி பழையதுதான். கடைசியில் கிடைக்கும் ஐபிஏ கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான். பிரித்து, உள்ளே இருக்கும் இன்ஃபோ பிலிஸ்ட்டை 'பிலிஸ்ட் யுடில்' கருவியால் படிக்கும் எழுத்தாக மாற்றிச் சீட்டில் வையுங்கள். 'கோட்சைன்' கருவியிடம் கேட்டால் செயலிக்குக் கொடுத்திருக்கும் சிறப்பு உரிமைகளின் பட்டியல் கிடைக்கும், அதையும் வையுங்கள். பில்ட் அமைப்புகளை 'எக்ஸ்கோட்பில்ட்' முழுதாகக் கொட்டித் தரும். நூற்றுக்கணக்கான வரி வரும். அதில் உங்களுக்கு முக்கியமான பத்து இருபதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வெளிவருவதைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐபோன் உலகத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் தெரியவந்த எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரம். ஆப்பிளின் சர்வரிலிருந்து எக்ஸ்கோட் இறங்க நேரமாகிறது என்று சீனாவில் பல டெவலப்பர்கள் வேறு இடங்களில் கிடைத்த பிரதியை இறக்கிப் பயன்படுத்தினார்கள். அந்தப் பிரதியில் யாரோ கைவைத்திருந்தார்கள். அதை வைத்துப் பில்ட் செய்த செயலிகளில் எல்லாம் எழுதியவருக்கே தெரியாமல் வேறொரு கோடு சேர்ந்துகொண்டது. வீசாட் செயலியின் 6.2.5 பதிப்பும் அதில் ஒன்று. அந்த டெவலப்பர்களின் கோடில் தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. மாற்றம் பில்ட் செய்யும் கருவிக்குள் இருந்தது. அனுமதிப் பட்டியலை ஒப்பிடும் சின்னச் சீட்டு அந்த அளவு சூழ்ச்சியைப் பிடித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த எக்ஸ்கோட், எந்த கிரேடில், எந்த ஜாவா என்பதும் கான்ஃபிக்தான், அவையும் சீட்டில் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யாரும் மறுக்க மாட்டார்கள்.

ரியாக்ட் நேட்டிவ், எக்ஸ்போ வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்போவின் 'ப்ரீபில்ட்' முறையில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் அடைவுகளே ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றன. அவற்றைப் பொதுவாகக் கிட்டில் வைப்பதில்லை. ஆகவே ஒரு பிளக்இன் உள்ளே என்ன மாற்றியது என்பது ரிவியூவில் கண்ணில் படவே படாது. உங்களுக்குத்தான் சீட்டு மற்ற எல்லோரையும்விட அவசியம்.

சீட்டு சலித்துப் போகாமல் இருக்க

இந்த முறையை ஆரம்பிக்கும் பல அணிகள் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சீட்டு ஒவ்வொரு பில்டிலும் கத்துகிறது. பதிப்பு எண் ஒவ்வொரு முறையும் மாறும், அதைச் சீட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் பில்ட் நிற்கும். பில்ட் ஆன நேரம், கணினியின் அடைவுப் பாதை போன்றவையும் அப்படித்தான். அவற்றை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். வரிகளை அகர வரிசையில் அடுக்கிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் வரிசை மாறியதற்காகக் கத்தும். சோதனைக்கான பில்டை எண்ணாதீர்கள், ரிலீஸ் பில்டை எண்ணுங்கள். பயனர் கைக்குப் போவது அதுதான்.

மாற்றம் வேண்டுமென்றே செய்தது என்றால் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதை ஒரு மனிதர் செய்ய வேண்டும், அதே கமிட்டில் செய்ய வேண்டும், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். பில்ட் நின்றால் சிஐயே சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று சில இடங்களில் தானியங்கியாக வைக்கிறார்கள். அப்படி வைத்தால், பாத்திரம் குறைந்தால் சீட்டில் எண்ணைத் திருத்திவிட்டு வண்டியை அனுப்புகிற கதைதான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எங்கள் அணியில் சீட்டுக் கோப்பு மாறும் எந்த கமிட்டுக்கும் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

சமீபத்தில் எங்கள் பில்ட் நின்றது ஒரு பார்கோடு லைப்ரரியால். பால் கேனில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கச் சேர்த்தோம். காமிரா அனுமதி வரும் என்று எதிர்பார்த்தோம், வந்தது. கூடவே எதிர்பார்க்காத ஒரு வரியும் வந்தது: 'காமிரா வன்பொருள் தேவை; காரணம், காமிரா அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது.' அதாவது, அனுமதி கேட்பதை வைத்தே, காமிரா இல்லாமல் இந்தச் செயலி ஓடாது என்று பிளே ஸ்டோர் முடிவுசெய்துவிடும். அது சொல்லும் காமிரா பின்பக்கக் காமிரா. சங்கத்தின் கொள்முதல் நிலையங்கள் சிலவற்றில் பின்பக்கக் காமிராவே இல்லாத பழைய டேப்லெட்டுகள்தான் இருக்கின்றன. அந்தப் பதிப்பு வெளியே போயிருந்தால் அவற்றுக்கு அப்டேட்டே வந்திருக்காது. அங்கே உட்கார்ந்திருப்பவர் காரணம் தெரியாமல் பழைய பதிப்பிலேயே கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

'காமிரா இருந்தால் நல்லது, கட்டாயமில்லை' என்று மேனிஃபெஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தோம். பின்பக்கக் காமிரா இல்லாத டேப்லெட்டில் எண்ணைக் கையால் தட்டுகிற மாதிரி ஒரு பெட்டியும் வைத்தோம். பிறகு சீட்டைப் புதுப்பித்து, காரணத்தை எழுதி, இரண்டாவது ஒப்புதலுக்கு அனுப்பினேன். அன்றைக்குப் பதிப்பு எண்ணை ஏற்றிய அதே தம்பிதான் அதைப் படித்துப் பார்த்தார். ஒரு டேப்லெட்டைக் கையில் எடுத்து இன்ஸ்டால் செய்து, பெட்டியில் எண்ணைத் தட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தார்.